துணியிற் பதியும் சித்திரம்

ஆண்டின் முதலாந் தவணையில் இலங்கையின் பாடசாலை மைதானங்கள் தனிக்களை பெறுகின்றன. ஓட்டப் பாதைகளுக்கு வெண்கோடு இடப்படுகின்றது. இல்லங்கள் மூங்கிலாலும் தென்னங் குருத்தோலையாலும் அலங்காரம் பெறுகின்றன. பிள்ளைகள் சிவப்பென்றும் நீலமென்றும் மஞ்சளென்றும் பச்சையென்றும் நிறத்தாற் பிரிந்து அணிவகுத்து நிற்கின்றனர். இக்காட்சியிலே அண்மைக்காலத்திற் புதிதாகச் சேர்ந்திருப்பது ஒன்றுண்டு. பிள்ளையின் மார்பிலே இல்லத்தின் பெயரையும் சின்னத்தையும் தாங்கி நிற்கும் ரீசேட்டே அது. பாடசாலையோடு நின்றுவிடாது, பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும், கோயில் திருவிழாத் தொண்டருக்கும், ஊர்க் கிரிக்கெற் அணிக்கும் எழுத்துப் பதித்த ரீசேட் இப்பொழுது வேண்டப்படுகின்றது.

இவற்றைப் பெருந்தொகையிற் செய்பவர்கள் 'ஸ்கிரீன் பிரின்ற்' எனப்படும் திரை அச்சு முறையையே பெரிதுங் கையாளுகின்றனர். அம்முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு திரை வேண்டும். திரையை ஆயத்தஞ் செய்யுஞ் செலவு நூறு சட்டைகளுக்குப் பகிரப்படும்போது சிறிதாகின்றது. மூன்று சட்டைகளுக்குப் பகிரப்படும்போது தாங்க முடியாததாகின்றது. அப்படியாயின், மூன்றோ நாலோ சட்டை மட்டும் வேண்டுபவரும், பல நிறங்கொண்ட படமொன்றை ஒரே சட்டையிற் பதிக்க விரும்புபவரும் என்ன செய்வது? அவர்களுக்குரிய வழி வீட்டிலேயே உண்டு. கணினியில் ஆக்கிய சித்திரத்தை, மை தெளிக்கும் அச்சுப்பொறியினால், அதாவது இங்க்ஜெற் பொறியினால், பூச்சுப் பூசிய ஒருவகைக் கடதாசியில் அச்சிட்டு, மின்னழுத்தியின் சூட்டைக்கொண்டு துணிக்கு மாற்றுவதே அவ்வழி. கடைக்காரர் இக்கடதாசியை 'ரான்ஸ்பர் பேப்பர்' என்று சொல்வர்.

வழி எளியதுதான். ஆயினும், அதிற் காலடி வைப்பவர்களிற் பலர் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்குவதில்லை. முதலில் அச்சுப்பொறியை வாங்குகின்றனர். பிறகு கிடைத்த மையை ஊற்றுகின்றனர். பிறகு கண்ணிற்பட்ட கடதாசியை வாங்குகின்றனர். துணியைப் பற்றிக் கடைசியிலேதான் எண்ணுகின்றனர். முறை இதற்கு நேர்மாறானது. துணியை முதலில் அறிய வேண்டும். துணிக்கேற்பக் கடதாசியையும், கடதாசிக்கேற்ப மையையும், மைக்கேற்ப அச்சுப்பொறியையும் தெரிதல் வேண்டும். இந்த ஒழுங்கு தவறுமிடத்துப் பணம் மட்டுமன்றி, வாங்குபவர் வைத்த நம்பிக்கையும் நட்டமாகின்றது.

இவ்விடத்து ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிப் பார்ப்பது நன்று. ஒரு கிராமத்திலே தையற்றொழில் செய்து வாழும் தாய் ஒருத்தி. கணவன் இல்லை. மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கின்றான். உறவினர் கொடுத்த பழைய கணினியொன்றில் எழுத்தும் படமும் அழகாக ஆக்கப் பழகியிருக்கின்றான். பாடசாலையில் இல்லப் போட்டி நெருங்குகின்றது. நாலைந்து பெற்றார் வந்து, "பிள்ளைக்கு இல்லத்தின் பெயர் போட்ட சட்டை செய்து தருவீர்களா, அக்கா?" என்று கேட்கின்றனர். தாயிடம் சீட்டுக் கழித்து வந்த பணம் இருக்கின்றது. அது கூரைக்கென்று வைத்த பணம். "அச்சுப்பொறி ஒன்று வாங்குவோம், அம்மா, ஒரு தவணையிலேயே போட்ட காசு திரும்பி வந்துவிடும்" என்கின்றான் மகன். தாய் உடனே ஆமென்றும் சொல்லவில்லை; இல்லையென்றும் சொல்லவில்லை. "முதலில் ஒரு சட்டை செய்து காட்டு, தம்பி. அது தோய்த்து வரட்டும்" என்கின்றாள். அந்தச் சொல்லில் அடங்கிய விவேகத்தை விரித்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் துணியை நோக்குவோம். ரான்ஸ்பர் கடதாசிக்கு மிகவும் இணங்குவது பருத்தித் துணி. பருத்தி பெரும்பங்காக உள்ள கலப்புத் துணியும் ஏற்கும். சூட்டைத் தாங்கும் ஆற்றலும், உருகிய பூச்சு பற்றிக்கொள்வதற்கேற்ற சொரசொரப்பும் பருத்தி நூலுக்கு இயல்பாகவே உண்டு. ஆனால், விளையாட்டுக்கென விற்கப்படும் பளபளப்பான மெல்லிய சட்டைகள் பெரும்பாலும் பொலியெஸ்டர் ஆனவை. வியர்வை விரைவில் உலரும் என்பதற்காக அவற்றை விரும்பி வாங்குகின்றனர். மின்னழுத்தியைப் பருத்திக்குரிய சூட்டில் வைத்து அவற்றின்மேல் அழுத்தினால் துணி பளபளத்துக் கருகும், உருகவுங் கூடும். ஆகவே, கழுத்துப் பட்டியிலுள்ள சிறு சீட்டை வாசித்துத் துணி இன்னதென்று அறிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். புதிய சட்டையை ஒருமுறை தோய்த்து உலர்த்திக்கொள்வதும் அவசியம். கடையிலிருந்து வந்த துணியிற் கஞ்சிப்பசை இருக்கும். முதற் தோய்ப்பிலே துணி சிறிது சுருங்குவதும் உண்டு. சித்திரம் பதிந்த பின்னர் துணி சுருங்கினால், சுருங்காத சித்திரம் அதன்மேற் சுருக்கம் விழுந்து நிற்கும்.

துணியின் நிறமும் கவனிக்கற்பாலது. வீட்டு அச்சுப்பொறியிலே நீலப்பச்சை, ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளே உள்ளன. வெள்ளை மை அதில் இல்லை. கடதாசியில் வெள்ளையாகத் தெரிவது அச்சிடப்படாது விட்ட கடதாசியே. எனவே, சித்திரத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் துணியிலே துணியின் நிறமாகவே தோன்றும். வெண்சட்டைக்கு இது குறையன்று. மஞ்சள் இல்லத்தின் சட்டையில் நீல எழுத்தைப் பதித்தால் அது பச்சைச் சாயல் கொள்ளும். சிவப்பு இல்லத்தின் சட்டையிலே கறுப்பைத் தவிர வேறெதுவும் தெளிவாகத் தெரியாது. கணினித் திரையில் அழகாயிருந்த சின்னம் சட்டையிலே சேறு பூசியதுபோலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

இக்காரணத்தினாலேயே கடதாசி இருவகைப்படுகின்றது. ஒன்று வெளிர்நிறத் துணிக்குரியது. மற்றையது கருநிறத் துணிக்குரியது. வெளிர்நிறத் துணிக்குரிய கடதாசியின்மேல், சூட்டில் உருகும் இயல்புள்ள நிறமற்ற மென்பூச்சொன்று உண்டு. மை அப்பூச்சினுள் ஊறி நிற்கின்றது. சூடு பட்டதும் பூச்சு உருகித் துணியின் நூலிழைகளைப் பற்றிக்கொள்ள, பின்னாலுள்ள கடதாசி உரிந்து வருகின்றது. கடதாசியின் அச்சிட்ட முகம் துணியின்மேற் கவிழ்த்து வைக்கப்படுவதால், எழுத்தைக் கண்ணாடியிற் தெரிவதுபோல இடவலம் மாற்றியே அச்சிட வேண்டும். கருநிறத் துணிக்குரிய கடதாசியிலோ பூச்சு வெண்மையானது, ஒளி ஊடுருவாதது. சித்திரத்தின் வெள்ளையை அதுவே தருகின்றது. அதனைக் கவிழ்ப்பதில்லை, முதுகுக் கடதாசியை முன்னரே உரித்துவிட்டு, சித்திரம் மேல்நோக்கியிருக்க வைத்து, உடன் வரும் பாதுகாப்புத் தாளை மூடி அழுத்துகின்றனர். ஆகவே, அதில் எழுத்தை மாற்றாமல் நேராகவே அச்சிட வேண்டும்.

இந்த வேறுபாட்டை மறந்து தாள்களை வீணாக்குபவர் அநேகர். அச்சிட்ட தாளை ஒரு முகக்கண்ணாடியின் முன் பிடித்துப் பார்க்கலாம். கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்தால் அது வெளிர்நிறத் துணிக்குச் சரி. கண்ணாடியின்றி நேராக வாசிக்க முடிந்தால் அது கருநிறத் துணிக்குச் சரி. விலையுயர்ந்த தாளில் அச்சிடுவதற்கு முன்னர் சாதாரண வெள்ளைத் தாளில் ஒருமுறை அச்சிட்டு, சட்டையின்மேல் வைத்து அளவும் இடமும் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

கடதாசி வாங்கும்போது வேறு சிலவற்றையும் நோக்க வேண்டும். உறையின்மேல் 'இங்க்ஜெற்' என்று எழுதப்பட்டிருக்கின்றதா என்பது முதலாவது. லேசர் அச்சுப்பொறிக்கென வேறு கடதாசி உண்டு. லேசர் பொறி தன்னுள்ளே சூடான உருளையொன்றினாற் தூளை உருக்கித் தாளில் ஒட்டுவது. இங்க்ஜெற் ரான்ஸ்பர் தாளை அதனுட் செலுத்தினால், தாளின் பூச்சு அவ்வுருளையிலேயே உருகி ஒட்டிப் பொறியைப் பழுதாக்கிவிடும். அடுத்து, தாளைச் சூட்டோடு உரிக்க வேண்டுமா, ஆறியபின் உரிக்க வேண்டுமா என்பது. இது கடதாசிக்குக் கடதாசி வேறுபடும். மூன்றாவது, தாள்களின் எண்ணிக்கை. புதிய வகைக் கடதாசியை முதன்முறை வாங்குபவர் சிறிய பொதியே வாங்க வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்று இப்பூச்சுக்குப் பகை. திறந்த பொதியைக் காற்றுப்புகாத உறையிலிட்டு, தட்டையாக வைத்துக் காக்க வேண்டும்.

கருநிறத் துணிக்குரிய வெண்பூச்சு சற்றுத் தடிப்பானது. மார்பு முழுவதையும் அது மூடினால், நமது நாட்டு வெப்பத்திற் காற்றுப் புகாது, பிள்ளைக்கு வியர்க்கும், மடிப்பு விழும் இடத்தில் வெடிப்பும் உண்டாகும். எனவே, அதனைச் சிறிய சின்னத்துக்கும் தடித்த எழுத்துக்குமே பயன்படுத்துவது தகும். எவ்வகைக் கடதாசியாயினும், சித்திரத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கத்தரித்து நீக்கிவிட வேண்டும். நீக்காவிடில், அச்சில்லாத பூச்சும் துணியில் ஒட்டிச் சித்திரத்தைச் சுற்றி ஒரு கட்டம்போலத் தோன்றும். கூரிய மூலைகள் முதலிற் கிளம்பும். மூலைகளை வளைவாகக் கத்தரித்தால் அவை நெடுநாள் நிற்கும்.

இனி மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சுப்பொறிகளில் இடப்படும் மை இருவகை. ஒன்று சாய மை; மற்றையது நிறமி மை. கடைகளிலே இதனைப் 'பிக்மன்ற்' மை என்பர். தேநீரிற் சர்க்கரை கரைவதுபோலச் சாயம் நீரிலே முற்றாகக் கரைந்து நிற்பது சாய மை. தண்ணீரில் மஞ்சட்தூளைக் கலக்கினாற் தூள் கரையாது மிதந்து நிற்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத நுண்டுகள்கள் கரையாது பரந்து நிற்பது நிறமி மை. கரைந்த பொருள் மீண்டும் நீர்பட்டால் மீண்டும் கரைய நாடுவது இயல்பு. அதனால், சாய மையினாற் பதித்த சித்திரம் தோய்க்கும்போது கலங்கிப் பரவவும், வெயிலில் விரைவாக மங்கவும் இடமுண்டு. கரையாத நிறமியோ நீருக்கு அசையாது நிற்கும். வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். சாய மைக்கேற்ற பூச்சுள்ள கடதாசிகளும் விற்பனையில் உண்டு. அவற்றிற் சாய மையும் ஓரளவு நிற்கும். ஆயினும், அடிக்கடி தோய்க்கப்படும் சட்டைக்கு நிறமி மையே பொதுவிற் சிறந்தது.

இங்கே ஏமாற்றம் விளையும் இடமொன்றுண்டு. வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் மைத்தாங்கிப் பொறிகள் பலவற்றிலே கறுப்பு மட்டும் நிறமி மையாகவும், ஏனைய மூன்று நிறங்களும் சாய மையாகவும் இருக்கின்றன. "இதில் நிறமி மை உண்டா?" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் "உண்டு" என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால், சில தோய்ப்புகளின் பின்னர் கறுப்பு எழுத்து நிற்க, அருகிலிருந்த வண்ணப்பூ மங்கிப்போகும். ஆகவே, "நான்கு நிறமும் நிறமி மைதானா?" என்று கேட்பதே சரியான கேள்வி. எப்சன் நிறுவனம் 'டியூராபிறைற்' என்னும் பெயரில் விற்கும் மை இவ்வாறு நான்கு நிறமும் நிறமியாக அமைந்தவற்றுள் ஒன்று. சாய மைக்கென அமைத்த பொறியிலே, மலிவென்று எண்ணி வேறொருவர் ஆக்கிய நிறமி மையை ஊற்றுவது துணிகரமான செயல். நுண்துளைகள் அடைபட்டால் விற்றவர் பொறுப்பேற்க மாட்டார். இருவகை மையையும் ஒரே தாங்கியிற் கலப்பதோ முற்றிலும் தவறு.

மூன்றாவதாக 'சப்ளிமேஷன்' மை என்றொன்றும் உண்டு. கற்பூரம் உருகாமலே ஆவியாவதைப் பாடசாலைப் பிள்ளைகள் பதங்கமாதல் என்று கற்கின்றனர். இந்த மையும் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் அவ்வாறே ஆவியாகிப் பொலியெஸ்டர் இழைக்குள் நுழைந்துவிடுகின்றது. இழையோடு ஒன்றாகிவிடுவதால் தோய்ப்பினால் அழிவதில்லை. கையாற் தடவினாலும் பூச்சு என்று ஒன்று தெரிவதில்லை. ஆனால், அது பொலியெஸ்டருக்கு மட்டுமே உரியது. அதுவும் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணிக்கே. பருத்தியிற் பதித்தால் சில தோய்ப்புகளிலே மங்கிப்போகும். அதற்குத் தனிக் கடதாசியும், அம்மைக்கென்றே ஒதுக்கிய அச்சுப்பொறியும், சீரான சூடு தரும் அழுத்தப் பொறியும் வேண்டும். விளையாட்டுச் சட்டைகளையே நம்பித் தொழில் செய்ய எண்ணுபவர் இதனை ஆராயலாம். சாதாரண மின்னழுத்தியோடு தொடங்குபவருக்கு இது ஏற்றதன்று.

துணியும் கடதாசியும் மையும் தெளிவான பின்னரே அச்சுப்பொறியின் முறை வருகின்றது. மைத்துளியைத் துளையினின்றும் வெளியேற்றுவதற்கு இருவழி உண்டு. ஒன்று சூட்டு முறை. 1977ஆம் ஆண்டு யப்பானின் கனொன் நிறுவனத்து ஆய்வாளராகிய இச்சிரோ எண்டோ, மை நிறைந்த ஊசியொன்றிற் சூடான பற்றாசுக்கோல் தற்செயலாகப் பட்டபோது மை பீறிட்டதைக் கண்டதிலிருந்து அந்நிறுவனத்தின் குமிழி முறை தோன்றியது. நுண்ணிய சூடாக்கி மையிற் குமிழியொன்றை உண்டாக்க, அக்குமிழி துளியை வெளியே தள்ளுகின்றது. மற்றையது பீசோ முறை. மின்சாரம் பட்டால் வளையும் இயல்புள்ள சிறு துண்டொன்று மையை நெருக்கித் துளியை வெளியேற்றுகின்றது. எப்சன் பொறிகள் இவ்வகையின. மையைச் சூடாக்காத காரணத்தாற் பீசோ முறை பலவகை மைகளுக்கும் இடங்கொடுக்கின்றது. ஆனால், அதன் அச்சுத்தலை பொறியோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. அடைபட்டுப் போனால் மாற்றுவது பெருஞ்செலவு. சூட்டு முறைப் பொறிகள் பலவற்றிலே தலை காட்ரிஜோடு சேர்ந்தோ, கழற்றி மாற்றத்தக்கதாகவோ இருக்கும்.

சிறிய காட்ரிஜ் உள்ள பொறி விலையிற் குறைந்தது. மையில் விலை கூடியது. 2010ஆம் ஆண்டு எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவிலே பெரிய மைத்தாங்கி கொண்ட பொறியை முதலில் விற்கத் தொடங்கியது. பின்னர் கனொன், எச்.பி. ஆகிய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இப்பொறிகளின் விலை கூட. மையின் விலை மிகவும் குறைவு. நாள்தோறும் அச்சிடுபவருக்குத் தாங்கிப்பொறி இலாபமானது. ஆண்டுக்கு ஒரு தவணை மட்டும் அச்சிட்டுவிட்டு மிகுதிக் காலத்தில் மூடி வைப்பவருக்கு எந்தப் பொறியும் இலாபமன்று. பாவிக்காதிருந்தால் துளைகளிலே மை உலர்ந்து அடைபடும். அதனைக் கழுவும் பொருட்டுப் பொறி தானே மையைச் செலவழிக்கும். கிழமைக்கு ஒருமுறையேனும் நான்கு நிறத்திலும் சிறிதளவு அச்சிட வேண்டும். பொறியை அணைக்கும்போது அதன் சொந்தப் பொத்தானை அழுத்தியே அணைக்க வேண்டும். அப்பொழுதுதான் அச்சுத்தலை தன் மூடியிற் சென்று அமரும். சுவர் ஆளியை நேரே நிறுத்தினால் தலை மூடப்படாது வெளியில் நின்று காயும்.

தாள் செல்லும் பாதையையும் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னாலுள்ள தட்டிலிருந்து தாளை வளைத்து இழுக்கும் பொறியிலும் பார்க்க, பின்னாலிருந்து நேராக இறக்கும் பொறியே தடித்த ரான்ஸ்பர் தாளுக்கு உகந்தது. 21 சென்ரிமீற்றர் அகலமும் 29.7 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட ஏ4 தாள் பிள்ளைகளின் சட்டைக்குப் போதும். ஏ3 பொறிக்காக இருமடங்கு பணம் கொடுக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள நகரத்தில் அப்பொறிக்குரிய மை கிடைக்குமா, பழுதுபார்க்க ஆளுண்டா என்பவை, அது எத்தனை வேலை செய்யும் என்பதிலும் முக்கியமானவை.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின்னரும் சூடு சரியில்லையாயின் யாவும் வீண். மெத்தை தைத்த மேசை உதவாது. அது அழுத்தத்தை விழுங்கிவிடும். உறுதியான மரப்பலகையின்மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்து வேலை செய்ய வேண்டும். மின்னழுத்தியிலே தண்ணீர் இருத்தலாகாது. நீராவி பூச்சைக் கெடுக்கும். முதலிற் சட்டையை மட்டும் சில விநாடிகள் அழுத்தி ஈரத்தைப் போக்கி, பிறகு மை உலர்ந்த தாளை வைத்து, உறை சொல்லும் நேரம்வரை உடற்பாரம் முழுவதையும் கையிற் செலுத்தி அழுத்த வேண்டும். ஆடையை மினுக்குவதுபோல இழுத்துத் தேய்க்கலாகாது. ஓரங்களுக்குச் சூடு குறைவாகவே சேரும். ஆகவே அவற்றைத் தனியாக அழுத்த வேண்டும். பிள்ளைகள் சித்திரம் ஆக்கலாம். சூட்டு வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

பதித்த சட்டையை ஒரு நாளாவது நீர்படாது வைத்திருந்து, அதன்பின் உட்புறத்தை வெளியே திருப்பித் தண்ணீரிலே தோய்க்க வேண்டும். தோய்க்கும் கல்லில் அடித்தல், முறுக்கிப் பிழிதல், வெளுக்கும் மருந்து இடல், சித்திரத்தின்மேல் நேரே மின்னழுத்தியை வைத்தல் ஆகிய நான்கையும் விலக்க வேண்டும். நிழலில் உலர்த்துவது உத்தமம்.

இனி, அந்தத் தாயும் மகனும் செய்ததைப் பார்ப்போம். சீட்டுப் பணத்தில் அவர்கள் முதலில் வாங்கியது வெளிர்நிறத் துணிக்குரிய சிறு பொதிக் கடதாசி ஒன்றை மட்டுமே. அச்சிடுவதற்காகச் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குச் சென்றனர். மகன் தாளை நீட்டினான். கடைக்காரரும் அதனைப் பொறியில் வைக்கப் போனார். உறையைக் கையில் வைத்திருந்த தாய், "தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இது எந்த வகைப் பொறி?" என்று கேட்டாள். அது லேசர் பொறி. ஒரு நொடி தவறியிருந்தால் அயலாரின் பொறிக்குத் தண்டம் கட்டச் சீட்டுப் பணத்திற் பாதி போயிருக்கும். பின்னர், சாய மைப் பொறி வைத்திருந்த ஓர் உறவினர் வீட்டில் ஒரு தாளும், நான்கு நிறமும் நிறமி மையாக உள்ள பொறி இருந்த நகரத்துக் கடையில் ஒரு தாளும் அச்சிட்டுக்கொண்டனர். பழைய வெள்ளைச் சட்டைகள் இரண்டில் அவற்றைப் பதித்து, கழுத்துப் பட்டியில் நூலால் அடையாளமிட்டு, ஐந்து முறை தோய்த்தனர்.

ஐந்தாம் தோய்ப்பின் பின்னர் இரண்டு சட்டைகளையும் கொடியில் அருகருகே தொங்கவிட்டுப் பார்த்தனர். சாய மையிற் பதித்த சட்டையிலே சிவப்பு வெளிறி, எழுத்தின் ஓரங் கலங்கியிருந்தது. நிறமி மையிற் பதித்தது சற்று மங்கினும் எழுத்துத் தெளிவாக நின்றது. எந்த விளம்பரமும் சொல்லாததை அந்தக் கொடி சொல்லிற்று.

அதன்பின் கணக்குப் பார்த்தனர். பத்துத் தாளில் இரண்டு பழுதானால், எட்டுச் சட்டையே பத்துத் தாளின் விலையைச் சுமக்க வேண்டும். மை, மின்சாரம், சட்டையின் விலை, தாயின் கைக்கூலி யாவும் சேர்ந்ததே உண்மை விலை. கைக்கூலியைக் கணக்கில் எழுதாத குடிசைத் தொழில் இலாபம்போலத் தோன்றி ஆளை இளைக்கச் செய்யும். முழு இல்லத்துக்கும் அறுபது சட்டை கேட்டு வந்தவரிடம், "அதற்குத் திரை அச்சே மலிவு, அங்கே கொடுங்கள். பிள்ளைகளின் பெயரை முதுகிற் பதிப்பதென்றால் எங்களிடம் தாருங்கள்" என்று தாய் சொன்னாள். ஒவ்வொரு சட்டையிலும் வேறு வேறு பெயர் வருவது திரை அச்சுக்குப் பெருந்தொல்லை. இங்க்ஜெற் பொறிக்கு அது ஒரு பொருட்டன்று.

இன்னொரு கேள்வியும் வந்தது. பெயர்பெற்ற கேலிச்சித்திர உருவங்களையும், வெளிநாட்டு விளையாட்டுக் கழகங்களின் சின்னங்களையும் பதித்துத் தரும்படி சில இளைஞர் கேட்டனர். உரியவரின் அனுமதியின்றி அவற்றைப் பதித்து விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணானது. மகன் தானே வரைந்த மயிலையும் பனையையும் காட்டினான். பாடசாலைச் சின்னத்துக்கு அதிபரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொண்டான்.

ஈற்றில் அவர்கள் வாங்கியது நான்கு நிறமும் நிறமி மையாக உள்ள, பின்னாலிருந்து தாள் இறங்கும் சிறிய பொறி. கூரைப் பணத்தில் ஒரு பங்கு மட்டுமே அதற்குச் சென்றது. போட்டி முடிந்த மாதங்களிலும் துளைகள் உலராதிருக்க, அயற்பிள்ளைகளின் பாடக் குறிப்புகளைக் கிழமைதோறும் அச்சிட்டுக் கொடுத்தனர். அதிலும் சிறு வருவாய் வந்தது. கொடுத்த ஒவ்வொரு சட்டையோடும் தோய்க்கும் முறை எழுதிய துண்டொன்றையும் வைத்தனர். "எத்தனை காலம் நிற்கும்?" என்று கேட்ட பெற்றாருக்கு, "என்றும் நிற்கும்" என்று தாய் சொல்லவில்லை. ஐந்து முறை தோய்த்த சட்டையை எடுத்துக் காட்டி, "இப்படி இருக்கும்" என்றாள்.

பார்த்தவர்கள் அதன் பின்னரே பணத்தைக் கொடுத்தனர். அடுத்த ஆண்டும் அவர்களே வந்தனர்.